கவர் சொல்வதை விடுங்கள், பிளாக் என்ன சொல்கிறது?

கேள்வி:

ஐயா, எனக்குப் பாலக்கோடு பக்கம். 2011 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல் வைத்திருக்கிறேன், டி.என். 29 பதிவு. மண்டி வேலை, வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வண்டிதான். போன மாதம் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் பழைய ரேடியேட்டர் ஹோஸ் பிய்ந்து தண்ணீர் முழுக்கப் போய்விட்டது. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன், சூட்டில் இறுகி இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது. சிலிண்டரைக் குடைந்து ரீபோர் செய்தாலும் நிற்காது என்று லேத்தில் சொல்லிவிட்டார்கள். பழைய இன்ஜின் ஒன்றை 42,000 ரூபாய்க்குப் பேசி, 30,000 கொடுத்துத் தூக்கி வந்திருக்கிறேன். விற்றவர், "ஸ்விஃப்ட் இன்ஜின்தான், அப்படியே உட்காரும்" என்றார். எங்கள் ஊர் மெக்கானிக் டர்போவைப் பார்த்துவிட்டு, "இது எர்டிகா இன்ஜின்" என்கிறார். இன்னொருவர், "டாடா முத்திரை இருக்கிறதே, விஸ்டாவில் கழற்றியது" என்கிறார். மேலே உள்ள கவரில் டி.டி.ஐ.எஸ். என்றுதான் இருக்கிறது. பில் என்று துண்டுச் சீட்டு ஒன்றுதான் கொடுத்தார்கள். இது எந்த இன்ஜின்? என் வண்டியில் மாட்டலாமா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தையும் கூட அனுப்பிய படங்களையும் பார்த்தேன். மூன்று பேர் மூன்று பெயர் சொன்னதில் ஆச்சரியமே இல்லை. விற்றவர் கவரைப் பார்த்தார். உங்கள் மெக்கானிக், புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவைப் பார்த்தார். இன்னொருவர் ஏர் ஹோஸில் இருந்த முத்திரையைப் பார்த்தார். மூன்றுமே ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் இருந்தால் மாற்றிவிடக்கூடிய சாமான்கள். பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் உள்ள அந்தப் பெரிய வார்ப்பை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. நீங்களும் எனக்குப் பதினோரு படம் அனுப்பியிருக்கிறீர்கள், அதில் பிளாக்கில் பொறித்த இன்ஜின் நம்பர், அதாவது பஞ்ச் நம்பர் தெரிகிற படம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் பாதி எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்து கிடக்கிறது.

முதலில் இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் டிசையரில் இருந்தது, மாருதி டி.டி.ஐ.எஸ். என்று பெயர் வைத்து ஓட்டிய ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக இருந்த காலத்தில் உருவாகி 2003-இல் வெளிவந்த இன்ஜின். நான்கு சிலிண்டர், 1248 சி.சி., போர் 69.6 மி.மீ., ஸ்ட்ரோக் 82 மி.மீ. நம் ஊரில் இது ஓடாத கம்பெனி குறைவு. மாருதி இதை மானேசரில் தயாரித்து 2007-இல் ஸ்விஃப்டிலும், 2008-இல் டிசையரிலும், 2009-இல் ரிட்ஸிலும் போட்டது. டாடா இதற்கு குவாட்ராஜெட் என்று பெயர் வைத்து 2008-இல் இண்டிகா விஸ்டாவிலும் அடுத்த வருடம் மான்சாவிலும் கொடுத்தது. 2009-இல் ஃபியட்டே லீனியா, கிராண்டே புண்டோ என்று கொண்டுவந்தது. ஷெவர்லேயும் விடவில்லை: 2012-இல் செயில், 2013-இல் என்ஜாய். டாடாவுக்கும் ஃபியட்டுக்கும் உரியவை புனே பக்கம் ரஞ்சன்காவ் ஆலையில் உருவானவை. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. டீசல் காருக்கு அடிபிடியாக இருந்த 2012-இல், மானேசர் உற்பத்தி போதாமல், வருடத்துக்கு ஒரு லட்சம் இன்ஜின் வரை அதே ரஞ்சன்காவிலிருந்து வாங்க மாருதி ஒப்பந்தம் போட்டது. பிறகு 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தது, மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. அதற்குள் இத்தனை வருடத்தில் ரோட்டில் இறங்கியவைதான் இன்றைக்குப் பழைய வண்டியை உடைத்து விற்கும் யார்டு யார்டாகக் குவிந்து கிடக்கின்றன.

அதனால் "இது ஸ்விஃப்ட் இன்ஜினா, விஸ்டா இன்ஜினா" என்ற கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிளாக் எந்தக் கம்பெனிக் கணக்கில் பிறந்தது என்பது ஒன்று. 75 குதிரைத்திறன் ரகமா, 90 குதிரைத்திறன் ரகமா என்பது இன்னொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒரே இன்ஜினைச் சுற்றி நின்று நாலு பேர் சண்டை போடுகிறார்கள்.

75 ரகத்தில் சாதாரண டர்போ இருக்கும். உங்கள் டிசையர் அந்த வகை. 4000 ஆர்.பி.எம்.-இல் 75 குதிரைத்திறன், 2000-இல் 190 நியூட்டன் மீட்டர் டார்க். 90 ரகத்தில் வி.ஜி.டி. டர்போ. அதன் உள்ளே சின்னச் சின்ன இறக்கைகள் திரும்பி, புகை போகும் வழியைக் குறுக்கவும் விரிக்கவும் செய்யும். அதனால் எர்டிகாவில் 1750 ஆர்.பி.எம்.-லேயே 200 நியூட்டன் மீட்டர் கிடைத்துவிடும். ஏற்றத்தில் கியர் குறைக்காமல் ஏறுவதற்குக் காரணம் இந்த இறக்கைகள்தான்.

இவ்வளவு விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம், நானே ஒரு முறை இதில் மாட்டிக்கொண்டேன். என் பட்டறை கிருஷ்ணகிரியில். பல வருடத்துக்கு முன்பு காவேரிப்பட்டணத்துக்காரர் ஒருவர், ஸ்விஃப்டுக்கு என்று இதே மாதிரி ஒரு பழைய இன்ஜினை எடுத்து வந்தார். கவர் டி.டி.ஐ.எஸ்., பார்வைக்குச் சுத்தம், கையால் சுற்றினால் வழுவழுவென்று சுற்றுகிறது. அவருக்குக் கல்யாண சீசன் அவசரம், எனக்கு வேலை நெருக்கடி. ஏற்றிவிட்டேன். வண்டி ஸ்டார்ட் ஆனது, சமதளத்தில் நன்றாகவே போனது. அவர் ஓசூர் போகும்போது சூளகிரிப் பக்கம் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மூச்சு வாங்க ஆரம்பித்ததாம். பின்னால் கரும்புகை, முன்னால் பிக்கப் இல்லை. மூன்று நாள் டீசல் ஃபில்டரை மாற்றினேன், புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆரைக் கழுவினேன், இன்ஜெக்டரைச் சோதனைக்கு அனுப்பினேன். கடைசியில் பார்த்தால் டர்போ வி.ஜி.டி. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.எம்.முக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அந்த இறக்கைகளைத் திருப்பும் ஆக்சுவேட்டருக்குப் போகவேண்டிய வேக்குவம் ஹோஸை, மாட்ட இடம் இல்லாததால், என் பட்டறைப் பையன் ஒருவன் அழகாக ஒரு ஸ்குரூவை வைத்து அடைத்திருந்தான். வேக்குவம் வராவிட்டால் அந்த இறக்கைகள் விரிந்தபடியே நிற்கும். டர்போ இருந்தும் இல்லாத கதைதான். கூலி வாங்காமல் மறுபடி இறக்கி ஏற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பழைய இன்ஜின் வந்தால் முதல் வேலையாகக் கவரைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவேன். கண்ணில் பட்டால் மனது அதையே நம்பும்.

சரி, நம்பருக்கு வருவோம். கியர் பாக்ஸ் வந்து சேரும் ஓரத்தில், பிளாக்கில் தட்டையாகச் சீவிய ஒரு சின்ன இடம் இருக்கும். அங்கேதான் பஞ்ச் நம்பர். டீசலும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துத் தேயுங்கள். எமரி பேப்பர் கூடாது, கிரைண்டரில் வயர் வீல் போட்டுத் தேய்ப்பது கூடவே கூடாது. நம்பர் மங்கினால் நாளைக்கு நீங்களே அதை அழித்தவர் ஆகிவிடுவீர்கள். சுத்தமானதும் சாக்பீஸைக் குறுக்காக உரசினால் எழுத்து எழுந்து வரும். அப்புறம், ஃபைனான்ஸ்காரர்கள் சேசிஸ் நம்பர் எடுப்பார்களே, அந்த மாதிரி காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் வேறு வேலைக்கும் உதவும்.

நீங்கள் அனுப்பிய அந்த ஒரு படத்தில் டி13ஏ என்று தொடங்குவது எனக்குத் தெரிகிறது, பின்னால் வரும் எண்கள் தெரியவில்லை. டி13ஏ என்றால் மாருதிக் கணக்கு. ஃபியட் புண்டோவாக இருந்திருந்தால் 199ஏ2000 என்றோ 199ஏ3000 என்றோ தொடங்கும். அதில் 2000 என்பது 75 ரகம், 3000 என்பது 90 ரகம். ஃபியட்காரர் அந்த மட்டில் நல்லவர், நம்பரிலேயே ரகத்தைச் சொல்லிவிடுவார். மாருதியில் அந்த வசதி இல்லை. உங்கள் டிசையரும் டி13ஏ, எர்டிகாவும் டி13ஏ, பிரெஸ்ஸாவும் டி13ஏ. ஆகவே விஸ்டா என்று சொன்னவரை இப்போதைக்கு ஓரங்கட்டலாம், ஹோஸ் மட்டும் டாடா வண்டியிலிருந்து வந்திருக்கும். ஆனால் ஸ்விஃப்டா எர்டிகாவா என்பதை இந்த நம்பர் சொல்லாது.

இங்கே ஒரு நிமிடம் நின்று நம்பர் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் பாருங்கள். கம்பெனியில் சீவிய பரப்பில் கோடுகள் எல்லாம் ஒரே திசையில், ஒரே மாதிரி ஓடும். எழுத்துகளின் உயரமும் ஆழமும் சீராக இருக்கும். நம்பர் இருக்கும் இடம் மட்டும் பள்ளமாகவோ, வட்ட வட்டமாகக் கீறலோடோ, எழுத்து கோணல்மாணலாகவோ இருந்தால் அந்த இன்ஜினை உங்கள் வண்டிக்குக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். எந்த ரகம் என்ற ஆராய்ச்சியே அதற்குத் தேவையில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது டர்போ. உங்கள் மெக்கானிக் இதைப் பார்த்து எர்டிகா என்றது சும்மா இல்லை. படத்தில் ஆக்சுவேட்டரின் தண்டு, டர்போவின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோலில் போய் முடிகிறது, அதன் இரு பக்கமும் அளவு ஸ்குரூ இருப்பது போலவும் தெரிகிறது. அது வி.ஜி.டி.யின் அடையாளம். சாதாரண டர்போவில் தண்டு போய் முடிவது புகை வெளியேறும் பக்கத்தில், அதிகப் புகையை டர்போ சக்கரத்தைத் தொடாமல் விடும் வேஸ்ட்கேட் மூடியின் கையில். அதை இயக்குவது டர்போ தரும் காற்றழுத்தம், அதனால் கம்ப்ரஸர் பக்கத்திலிருந்தே ஒரு குட்டி ஹோஸ் ஆக்சுவேட்டருக்கு வரும். வி.ஜி.டி.க்கு வேக்குவம் வேண்டும், ஆகவே அதன் ஹோஸ் சோலனாய்டு வால்வு வழியாகச் சுற்றி வரும்.

கண்ணால் பார்த்துச் சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு எளிய சோதனை. கால்நடை மருந்துக் கடையில் 50 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். ஆக்சுவேட்டர் ஹோஸில் செருகி உறிஞ்சுங்கள். தண்டு உள்ளே இழுத்துக்கொண்டு, நீங்கள் பிடித்திருக்கும் வரை அப்படியே நின்றால் வி.ஜி.டி. எவ்வளவு உறிஞ்சினாலும் அசையாமல் இருந்தால் ஒன்று சாதாரண டர்போ, இல்லையென்றால் ஆக்சுவேட்டருக்குள் உள்ள ரப்பர் டயாஃப்ரம் கிழிந்த வி.ஜி.டி. கிழிந்திருந்தால் சிரிஞ்சில் பிடிப்பே இருக்காது, காற்று வந்துகொண்டே இருக்கும். கையில் தெரிந்துவிடும்.

டர்போ வி.ஜி.டி. என்றே வைத்துக்கொள்வோம். அதோடு அந்த இன்ஜினே 90 ரகம் என்று முடிவுகட்ட முடியுமா? அதுதான் நான் அன்று இடறி விழுந்த இடம். என்னிடம் வந்தது 75 ரகத்துப் பிளாக், யார்டில் யாரோ கைக்குக் கிடைத்த டர்போவை மாட்டி முழுசாக்கி விற்றிருந்தார்கள். முழு இன்ஜின் என்றால் ஒரு விலை, டர்போ இல்லாத இன்ஜின் என்றால் வேறு விலை அல்லவா. எனவே டர்போவும் பிளாக்கும் ஒன்றாகப் பிறந்தவையா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பிளாஸ்டிக் சாமானிலும் அலுமினிய வார்ப்பிலும் காசு அளவில் ஒரு வட்டம் அச்சாகியிருக்கும். சுற்றிலும் 1 முதல் 12 வரை, நடுவில் ஓர் அம்புக்குறி, அம்புக்குறியின் இரு பக்கமும் இரண்டு இலக்கம். அம்பு காட்டுவது மாதம், நடு இலக்கம் வருடம். அந்தச் சாமான் அச்சில் ஊற்றப்பட்ட தேதி அது. டார்ச் அடித்து இன்டேக் மேனிஃபோல்டு, ஆயில் ஃபில்டர் கூடு, தெர்மோஸ்டாட் கூடு, கேம் கவர், முன்பக்க டைமிங் கவர் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். எல்லாவற்றிலும் இருக்காது, ஐந்தாறு கிடைத்தால் போதும். எழுதி வையுங்கள். ஒரே வண்டியில் பிறந்த சாமான்கள் என்றால் தேதிகள் சில மாத இடைவெளிக்குள் அடங்கும். ஒன்று மட்டும் தனியாக நான்கு வருடம் தள்ளி நின்றால் அது இடையில் வந்து சேர்ந்தது.

இந்தத் தேதிதான் உங்கள் வழக்கைத் தீர்க்கப்போகிறது. ஏனென்றால் மாருதியில் வி.ஜி.டி. டர்போவோடு 1.3 முதலில் வந்தது 2011-இல், எஸ்.எக்ஸ். 4 டீசலில். அப்புறம்தான் 2012-இல் எர்டிகா, 2014-இல் சியாஸ், 2015-இல் எஸ் கிராஸ், 2016-இல் பிரெஸ்ஸா. உங்கள் இன்ஜினின் பழைய சாமான்கள் எல்லாம் 2008, 2009 என்று காட்டினால், மேலே என்ன டர்போ உட்கார்ந்திருந்தாலும் அது 75 ரகமாகப் பிறந்த இன்ஜின்தான். அந்த வருடத்தில் மாருதியில் வேறு ரகமே கிடையாது. 2013, 2014 என்று காட்டினால் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு, அப்போது டர்போவைப் பிடித்திருக்கும் நட்டுகளைப் பாருங்கள். கழற்றாத நட்டில் துரு மூலைமுடுக்கெல்லாம் ஒரே மாதிரி படிந்திருக்கும். ஸ்பேனர் பட்ட நட்டின் முனைகள் பளிச்சென்று தேய்ந்திருக்கும். டர்போவுக்கு ஆயில் போகும் பைப்பும் வாஷரும் மட்டும் புதிதாக மின்னினால் அதுவும் ஒரு சாட்சி.

நடுவில் ஒன்று: ஷெவர்லே பீட் டீசல் இன்ஜினையும் இதே குடும்பம் என்று சொல்லி யாராவது தள்ளப் பார்க்கலாம். குடும்பம் உண்மைதான். ஆனால் அது மூன்று சிலிண்டர், 936 சி.சி. இன்ஜெக்டரை எண்ணினாலே தெரிந்துவிடும்.

இனி, மாட்டலாமா என்ற கேள்வி. என் கருத்தைச் சொல்கிறேன், இதில் வேறு மெக்கானிக்குகள் வேறு மாதிரி சொல்லலாம். வி.ஜி.டி.யோடு அப்படியே ஏற்றி, இ.சி.எம்., வயரிங், சாவி எல்லாவற்றையும் எர்டிகாவுக்கு மாற்றி 90 குதிரைத்திறன் எடுக்கலாம் என்று உங்களுக்கு ஆசை காட்டுபவர்கள் வருவார்கள். செய்ய முடியாதது இல்லை. ஆனால் செலவு அந்த 42,000-த்தோடு நிற்காது, சாவியை அடையாளம் கண்டு ஸ்டார்ட் ஆகவிடும் இமொபிலைசரின் தகராறும் ஆர்.சி. தகராறும் தனி. உங்கள் வேலைக்கு அது தேவையும் இல்லை.

பிளாக்கும் ஹெட்டும் மட்டும் இந்த இன்ஜினிலிருந்து. மற்ற எல்லாம் உங்கள் பழைய இன்ஜினிலிருந்து. டர்போவை மேனிஃபோல்டோடும் ஆயில் பைப்போடும் சேர்த்தே மாற்றுங்கள். இன்ஜெக்டர் நான்கு, காமன் ரெயில், ஹை பிரஷர் பம்ப், கிராங்க் சென்சார், கேம் சென்சார், முழு வயரிங், இ.ஜி.ஆர். எல்லாமே உங்களுடையது. இன்ஜெக்டரின் தலையில் ஒரு குறியீடு இருக்கும், அது இ.சி.எம்.மில் சிலிண்டர் வாரியாகப் பதிந்திருக்கும். உங்கள் இன்ஜெக்டரை அதே வரிசையில், ஒன்றாம் சிலிண்டருடையதை ஒன்றிலேயே போட்டால் எழுதி ஏற்றவேண்டிய வேலையே வராது. கழற்றும்போதே பெயின்டில் 1, 2, 3, 4 என்று குறித்துவிடுங்கள். இ.சி.எம். பழசு, சாவி பழசு, அது பார்க்கும் சென்சாரும் டர்போவும் பழசு. உள்ளே பிளாக் மாறியது அதற்குத் தெரியவே போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. சூட்டில் சீஸ் ஆன இன்ஜினில் டர்போவும் அடிபட்டிருக்கும். ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் பக்கவாட்டு ஆட்டம் இருக்கலாம், உள்ளே வெளியே என்று நீளவாட்டில் ஆடக் கூடாது. ஆயில் கூலருக்குள்ளும் பைப்புகளுக்குள்ளும் பழைய இன்ஜினின் உலோகத் தூள் தங்கியிருக்கும். அதைக் கழுவாமல் மாட்டினால் புது இன்ஜின் முதல் ஆயிரம் கிலோமீட்டரிலேயே பேரிங்கைத் தின்றுவிடும்.

இரண்டு இன்ஜினையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அடியில் ஆயில் தேங்கும் சம்பின் உருவம், இன்ஜின் மவுண்ட் வரும் துளைகள், ஆல்டர்னேட்டர் பிராக்கெட், ஃப்ளைவீலின் விட்டமும் பற்களும், சென்சார் கப்ளரின் வடிவம். ஃப்ளைவீலும் கிளட்சும் உங்கள் கியர் பாக்ஸோடு பழகியவையாகவே இருக்கட்டும். ஹெட்டை மட்டும் கழற்றி இதிலிருந்து அதற்கு மாற்றாதீர்கள். வருடத்துக்கு வருடம் பிஸ்டன் குழியும் கம்ப்ரஷன் விகிதமும் மாறியிருக்க இடம் உண்டு. இந்தப் பிளாக்குக்கு இந்த ஹெட்டே இருக்கட்டும்.

இதெல்லாம் செய்யும் முன்பு, இன்ஜின் உள்ளே நன்றாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். எந்த ரகம் என்று கண்டுபிடித்த பிறகு போர் தேய்ந்தது தெரிந்தால் என்ன பிரயோசனம்? இன்ஜின் தரையில் கிடக்கும்போது கம்ப்ரஷன் கேஜ் போட முடியாது, ஸ்டார்ட்டர் கியர் பாக்ஸ் கூட்டில்தான் உட்காரும். அதனால் காற்றடித்துப் பார்ப்பதுதான் வழி. குளோ பிளக் ஒன்றைக் கழற்றி, அந்தச் சிலிண்டரை மேல் நிலைக்குக் கொண்டுவந்து, வால்வுகள் எல்லாம் மூடியிருக்கும்போது கிராங்க் சுற்றாமல் பிடித்துக்கொண்டு அந்தத் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைக் கொடுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் சீறல் கேட்டால் ரிங் போயிருக்கிறது. இன்டேக்கில் கேட்டால் இன்டேக் வால்வு, புகைப் பக்கம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. தண்ணீர் வழியில் குமிழி வந்தால் கேஸ்கெட்டோ ஹெட்டோ. லேசான கசிவு எந்த இன்ஜினிலும் இருக்கும், நான்கிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு. செல்போனில் இணைக்கும் குட்டி கேமரா ஒன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. இன்ஜெக்டர் துளை வழியாக அதை விட்டுப் பிஸ்டன் தலையையும் சிலிண்டர் சுவரையும் பார்த்துவிடுங்கள். இந்த இன்ஜினுக்கு டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். வெளியே கிடக்கும்போதே செயின், டென்ஷனர், கைடு மூன்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். டைமிங் பூட்டும் பின் செட் இல்லாமல், பெயின்ட் குறி வைத்துச் செயின் மாட்டுகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.

காகித வேலை சலிப்பானது, ஆனால் தவிர்க்க முடியாது. அந்தத் துண்டுச் சீட்டு பில் ஆகாது. விற்றவரின் கடை பெயர், முகவரி, இன்ஜின் நம்பர், தொகை, தேதி எல்லாம் உள்ள பில் வாங்குங்கள். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று கேட்டு, அந்த வண்டியின் ஆர்.சி. நகலையும் கேளுங்கள். கொடுத்தால் நம் ஆராய்ச்சியே பாதியாகக் குறைந்துவிடும். அதில் மாடல் பெயரும் வருடமும் இன்ஜின் நம்பரும் இருக்கும். சேசிஸ் நம்பர் எம்.ஏ. 3 என்று தொடங்கினால் மாருதி, எம்.ஏ.டி. என்றால் டாடா. பிளாக்கில் நீங்கள் எடுத்த பென்சில் பிரதியோடு அந்த நகலை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். திருட்டு வண்டிகளின் விவரங்களைத் தேடிப் பார்க்க, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவை இருக்கிறது, இன்ஜின் நம்பரை வைத்தே பார்க்கலாம். மாட்டும் முன்பு அதைச் செய்துவிடுங்கள்.

மாட்டிய பிறகு சும்மா ஓட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, இன்ஜின் மாற்றியதை 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. உங்களுக்குத் தருமபுரி ஆர்.டி.ஓ. ஆபீஸ். வேலை தொடங்கும் முன்பே ஒரு நடை போய், என்னென்ன படிவம், என்னென்ன காகிதம் என்று கேட்டு வந்துவிட்டால் பிறகு அலைச்சல் குறையும். ஆர்.சி.யில் புது நம்பர் ஏறியதும் இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஆர்.சி.யில் ஒரு நம்பர், பிளாக்கில் ஒரு நம்பர் என்று இருக்கும்போது விபத்து நடந்தால், சர்வேயர் முதலில் குனிந்து பார்ப்பது அந்தச் சீவிய இடத்தைத்தான்.

இப்போது உங்கள் கையில் உள்ளதை வைத்து நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பிளாக் மாருதி, டர்போ பெரும்பாலும் வி.ஜி.டி., இரண்டும் ஒன்றாகப் பிறந்தவையா என்பது அந்தத் தேதி வட்டங்களைப் பார்க்கும் வரை தெரியாது. நம்பரைச் சுத்தம் செய்து ஒரு படம், தேதி வட்டங்கள் கிடைத்த அத்தனையும், சிரிஞ்ச் சோதனையில் தண்டு என்ன செய்தது, காற்றடித்ததில் நான்கு சிலிண்டரும் எப்படி இருந்தன, இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள். அதுவரை அந்த மீதி 12,000 ரூபாயை மட்டும் யார் வந்து கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.